பொம்மை யாருக்காக? வீட்டில் கைவினை உருவங்கள் வனைவோருக்கான ஒரு பாடம்

வீட்டின் ஓர் அறையிலோ சமையலறை மேசையிலோ அமர்ந்து களி, காகிதக்கூழ், துணி, மரம், ரெசின் முதலியவற்றால் தம் கற்பனை உருவங்களை வனைந்து, அவற்றைப் பிறருக்கு விற்க எண்ணும் ஒஸ்லோவாழ் தமிழர்களுக்காக இப்பாடம் எழுதப்பட்டுள்ளது. இன்று இத்தகைய படைப்புகளைக் 'கலைப்பொம்மைகள்' என அழைக்கின்றனர். இவை கலைஞர் ஒருவர் தாமே வடிவமைத்துச் சிறு எண்ணிக்கையில் கையால் செய்யும் உருவங்கள்.

இக்கலையில் வெளித்தெரியாத ஒரு சட்டப் பிரச்சினை உண்டு. ஒருவர் அலங்காரப் பொருளாக எண்ணிச் செய்த உருவம் ஒரு குழந்தையின் கையில் விளையாட்டுப் பொருளாகலாம். அவ்வேளையில் அதன் கண்ணாகப் பதித்த மணி கழன்று குழந்தையின் தொண்டையில் அடைக்குமாயின், செய்தவரின் எண்ணம் மட்டும் அவரைக் காப்பாற்றாது. ஆகவே 'இது யாருக்காக?' என்ற வினாவுக்கு உருவத்தை வனைந்து முடித்தபின் அன்று, முதற்கோட்டை வரையும்போதே விடை காணவேண்டும். பொருள்களின் தேர்வு, வடிவம், முத்திரை, விலை, பொறுப்பு ஆகிய அனைத்தும் அவ்விடையிலிருந்தே பிறக்கின்றன.

ஒரு சொல்லும் பல பொருள்களும்

தமிழில் 'பொம்மை' என்னும் சொல் பரந்தது. கொலுப்படியில் வைக்கும் உருவமும், குழந்தை கட்டியணைத்து உறங்கும் துணியுருவமும், கண்ணாடி அலுமாரியில் அழகுக்காக நிற்கும் சிலையும் நமக்குப் பொம்மைகளே. நோர்வீஜிய மொழியோ இவற்றைப் பிரித்துப் பேசுகின்றது. 'லெய்க்கெதொய்' என்றால் விளையாட்டுப்பொருள். 'டுக்கெ' என்றால் மனித உருவப் பொம்மை. 'ஃபிகூர்' என்றால் உருவம். சட்டம் அக்கறை கொள்வது முதலாவது சொல்லிலேயே.

நோர்வேயின் விளையாட்டுப்பொருள் ஒழுங்குவிதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விளையாட்டுப்பொருள் பாதுகாப்புப் பணிப்புரையைத் தழுவியது. அதன்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கென வடிவமைக்கப்பட்ட அல்லது கருதப்பட்ட எப்பொருளும் விளையாட்டுப்பொருளாகும். அது அந்நோக்கத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. இப்பிற்பகுதி மிக முக்கியமானது. அலங்காரத்துக்கும் விளையாட்டுக்கும் ஒருசேரப் பயன்படும் பொருளும் இவ்வரையறைக்குள் அடங்கும்.

அதே சட்டம் விளையாட்டுப்பொருளாகக் கருதப்படாதவற்றின் பட்டியலொன்றையும் தருகின்றது. பண்டிகை, கொண்டாட்டங்களுக்கான அலங்காரப் பொருள்கள் அதில் உள்ளன. சேகரிப்போருக்கான பொருள்களும் உள்ளன. நாட்டார் பொம்மைகளும் அலங்காரப் பொம்மைகளும் அவற்றுக்கு உதாரணங்களாகப் பெயர் குறிப்பிடப்பட்டுள்ளன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 14 வயதும் அதற்கு மேலும் உள்ள சேகரிப்போருக்கானது என்னும் குறிப்பு, பொருளிலோ பொதியிலோ கண்ணுக்குத் தெரியும்படியும் வாசிக்கக்கூடியவாறும் இருத்தல் வேண்டும்.

மூன்று உருவங்கள், மூன்று நோக்கங்கள்

வீட்டில் வனையப்பட்டுப் புகழ்பெற்ற மூன்று உருவங்களை ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

முதலாவது ஒஸ்லோவுக்கு உரியது. 1920இல் இந்நகரில் பிறந்த திரைப்பட இயக்குநர் ஈவோ கப்ரீனோவின் தாயார் இங்கபோர்க் கூடெ ஓர் ஓவியர். புகழ்பெற்ற ஓவியர் ஹான்ஸ் கூடெயின் வழிவந்தவர். 1940களில் அவர் ஒரு பொம்மலாட்ட அரங்குக்காக உருவங்களை வனைந்தபோது மகன் அவருக்குத் துணைநின்றார். அப்பணியே அவர்களைத் திரைப்படத்துக்கு இட்டுச்சென்றது. 1949இல் 'தீம் ஒக் தொஃபெ' என்னும் குறும்படம் வெளிவந்தது. தாயாரின் மறைவுவரை கப்ரீனோவின் படங்களுக்கு அவரே உருவங்களை வனைந்தார். நோர்வேயில் வளர்ந்த நம் பிள்ளைகள் நன்கறிந்த 1975ஆம் ஆண்டின் 'ஃப்லோக்லீப்பா கிராண்ட் ப்ரீ' படத்துக்குப் பொம்மைகளை வனைந்தவர் இங்கபோர்க் ரீசர். உடைகளைத் தைத்தவர் கெர்ட் அல்ஃப்சென். அரங்குகளையும் கார்களையும் கட்டியவர் பியார்ன சாண்டெமூசெ. ஏறத்தாழ ஐவர் கொண்ட சிறு குழு மூன்றரை ஆண்டுகள் உழைத்துப் படைத்த படம் அது. இவ்வுருவங்கள் ஒளிப்படக் கருவியின் கண்ணுக்காகப் பிறந்தவை. இயக்குவோரின் தேர்ந்த கை மட்டுமே அவற்றைத் தொடும். நுண்மையான மயிரும் சிறு பொத்தானும் கூரிய மூக்கும் அவற்றுக்குப் பொருந்தும்.

இரண்டாவது ஜேர்மனிக்கு உரியது. கெத்தெ க்ரூசெ 1905இல் தம் மகளுக்காக முதற்பொம்மையைச் செய்தார். கடைப்பொம்மைகளை விரும்பாத அவருடைய கணவர், சிற்பி மாக்ஸ் க்ரூசெ, அவற்றை வாங்கிக்கொடுக்க மறுத்ததே அதற்குக் காரணம். மணல் நிரப்பிய துண்டுத் துணி உடலாயிற்று, உருளைக்கிழங்கு தலையாயிற்று. 1910இல் பேர்லின் நகரின் ஒரு பேரங்காடி, வீட்டில் செய்த விளையாட்டுப்பொருள்களுக்கென நடத்திய கண்காட்சியில் அவருடைய பொம்மைகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. அவை தொடக்கம் முதலே குழந்தையின் கைக்காகப் பிறந்தவை. துணியால் ஆனவையாதலால் விழுந்தால் உடையாதவை, கட்டியணைக்க மென்மையானவை.

மூன்றாவது நம்முடையது. 2008ஆம் ஆண்டளவில் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை களிமண்ணாலும் காகிதக்கூழாலும் ஆனது. அதன் அடிப்பகுதி அரைக்கோள வடிவில் கனமாக இருக்கும். பொம்மையின் திணிவுமையம் அக்கோள வளைவின் மையத்துக்குக் கீழே அமைவதால், எப்பக்கம் சாய்த்தாலும் அது நிமிர்ந்துகொள்ளும். இப்பொம்மை கொலுப்படியிலும் அமர்கின்றது. குழந்தை தட்டி ஆட்டி மகிழவும் பயன்படுகின்றது. இத்தகைய இருநோக்கப் பொருளே சட்டத்தின் பார்வையில் சிக்கலானது. இதனை ஒஸ்லோவில் செய்து விற்பவர், எந்த நோக்கத்துக்காக விற்கின்றார் என்பதைத் தெளிவாகத் தீர்மானித்தாக வேண்டும்.

வரைதாளில் தொடங்கும் முடிவு

உருவத்தை முன்புறம், பக்கம், பின்புறம் என மூன்று கோணங்களிலும் அதன் உண்மை அளவில் வரைந்துகொள்வது நல்ல வழக்கம். அதே தாளின் மேற்பகுதியில் யாருக்காக என்பதையும் எழுதிவைத்தல் நன்று. மூன்று விடைகளே சாத்தியம்: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு; மூன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு; வளர்ந்த சேகரிப்பாளருக்கு.

ஒரு மயில் உருவத்தை எடுத்துக்கொள்வோம். சேகரிப்பாளருக்கானது எனின், உள்ளே கம்பிக்கூடு கட்டி, அதன்மேல் களியை ஏற்றி, தோகையில் மெல்லிய கம்பிகளையும் கண்ணாடி மணிகளையும் பதிக்கலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கானது எனின், கம்பி முனைகள் வெளிவராதிருக்கவேண்டும், கழுத்து போன்ற மெலிந்த பகுதிகள் விழுந்தால் முறிந்து கூர்முனை தராதவாறு தடிப்பாக இருக்கவேண்டும், வண்ணம் உரியக்கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்கானது எனின், மணிகளை முற்றாக நீக்கிக் கண்களை நூலால் தைக்கவேண்டும். தோகையைத் தனிப்பகுதிகளாகச் செய்யாமல் ஒரே துணித்துண்டில் அமைக்கவேண்டும். பெயர் ஒன்றாயினும் இவை மூன்று வெவ்வேறு படைப்புகள். முதல் மயிலைச் செய்துமுடித்துவிட்டு அதை மூன்றாவது மயிலாக மாற்ற இயலாது.

மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொருளில் சிறுபாகங்கள் இருத்தலாகாது. இதனை அளக்க ஐரோப்பிய நியமம் ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகின்றது. அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீற்றர், சரிந்த அடித்தளத்தால் ஆழம் 25.4 முதல் 57.1 மில்லிமீற்றர் வரை மாறும். அழுத்தாமல் அவ்வுருளைக்குள் முழுமையாக அடங்கும் எதுவும் சிறுபாகமாகும். பொருளை இழுத்தும் முறுக்கியும் விழவிட்டும் சோதித்தபின் கழலும் பாகங்களுக்கும் இதுவே அளவு. வரைதாளின் ஓரத்தில் இவ்வளவை வரைந்து வைத்திருந்தால் எந்தப் பாகம் ஆபத்தானது என்பது முதல்நாளே தெரிந்துவிடும்.

காந்தங்கள் தனிக் கவனத்துக்குரியவை. கை கால்களைக் கழற்றிப் பூட்டுவதற்காகக் கலைப்பொம்மைகளில் சிறிய வலுவான காந்தங்களைப் பதிப்பது வழக்கமாகியுள்ளது. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களைக் குழந்தை விழுங்கினால், அவை குடலின் சுவர்களுக்கு ஊடாக ஒன்றையொன்று ஈர்த்துத் துளையை உண்டாக்கக்கூடும். ஆகவே விளையாட்டுப்பொருளில் விழுங்கக்கூடிய அளவுள்ள வலுவான காந்தம் கழலும் நிலையில் இருத்தலாகாது. பிள்ளைகளுக்கான உருவத்தில் காந்தத்துக்குப் பதிலாக மரமுளையோ தைத்த மூட்டோ அமைப்பதே பாதுகாப்பானது.

பொருள்களும் வனைபவரின் உடல்நலமும்

பொம்மையை வாங்குவோரின் நலத்துக்கு முன் அதனைச் செய்பவரின் நலம் உள்ளது. வீட்டுப் பட்டறையில் பணிபுரிபவருக்கு மேற்பார்வையாளர் இல்லை. அவருடைய குழந்தைகளும் அதே காற்றையே சுவாசிக்கின்றனர்.

காகிதக்கூழ், மரம், துணி, நீர்க்களி ஆகியன தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. ஆயினும் உலர்ந்த களியின் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பதைத் தவிர்த்து, ஈரமாக்கித் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும்.

அடுப்பில் சுட்டு இறுக்கும் பொலிமர் களி, பி.வி.சி. பிளாஸ்ரிக்கும் அதனை நெகிழச்செய்யும் பொருளும் கலந்தது. பொதியில் குறிப்பிட்ட வெப்பநிலையை, பொதுவாக 110 முதல் 130 பாகை செல்சியஸ் வரை, மீறலாகாது. அளவுக்கு மீறிச் சூடேறினால் ஐதரசன் குளோரைட்டு என்னும் எரிச்சலூட்டும் வாயு வெளியேறும். வெப்பநிலையைத் தனி வெப்பமானியால் சரிபார்த்து, சன்னலைத் திறந்துவைத்துச் சுடவேண்டும். களிக்குப் பயன்படுத்திய தட்டையும் கத்தியையும் மீண்டும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது.

சிலிக்கோன் அச்செடுத்து ரெசினில் வார்ப்பவர்கள் மேலும் விழிப்பாயிருக்கவேண்டும். இறுகாத எபொக்சியும் ஒளியில் இறுகும் முப்பரிமாண அச்சு ரெசினும் தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. அவ்வொவ்வாமை ஒருமுறை ஏற்பட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். பொலியூரித்தேன் ரெசினில் உள்ள ஐசோசயனேற்றுகள் ஆஸ்துமாவை ஏற்படுத்தக்கூடியவை. 2023 ஆகத்து 24 முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் டைஐசோசயனேற்று உள்ள பொருள்களைத் தொழில்முறையில் கையாள்பவர்கள் அதற்குமுன் பயிற்சி பெறவேண்டும் என்பது விதி. வீட்டில் தனியாளாகத் தொழில் செய்பவரும் தொழில்முறைப் பயனரே. படுக்கையறையும் குழந்தைகளின் அறையும் ரெசினுக்கு உரிய இடங்கள் அல்ல. நைற்றைல் கையுறை, கண்காப்பு, தக்க வடிகட்டியுள்ள சுவாசக்கவசம், வெளிக்காற்றோட்டம் ஆகியவை இல்லாதவர்கள் காகிதக்கூழையோ மரத்தையோ தெரிவுசெய்வதே சிறந்தது. தஞ்சாவூர்க் கலைஞர்கள் காகிதக்கூழைக் கொண்டே தம் பொம்மைகளை உலகறியச் செய்துள்ளனர்.

எஞ்சிய ரெசின், கரைப்பான், வண்ணம் ஆகியவற்றைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றலாகாது. அவை ஆபத்தான கழிவுகள். ஹரால்ட்ருட், குரொன்மோ, ஸ்மெஸ்டாட் ஆகிய இடங்களிலுள்ள மாநகரசபையின் மீள்பயன்பாட்டு நிலையங்களில் அவற்றை ஒப்படைக்கலாம். நச்சுப்பொருள் உட்கொள்ளப்பட்டாலோ கண்ணில் பட்டாலோ 22 59 13 00 என்ற எண்ணில் தேசிய நச்சுத் தகவல் நிலையத்தை எந்நேரமும் அழைக்கலாம். உயிராபத்து எனின் 113ஐ அழைக்கவேண்டும்.

முதல் வழி: விளையாட்டுப்பொருளாக விற்றல்

தம் படைப்பு பிள்ளைகளுக்கானது எனத் தீர்மானித்தவர், சட்டத்தின் பார்வையில் உற்பத்தியாளர் ஆகின்றார். ஆண்டுக்குப் பத்துப் பொம்மை செய்தாலும் பத்தாயிரம் செய்தாலும் கடமைகள் ஒன்றே. அவை பின்வருவன.

முதலாவது, ஆபத்து மதிப்பீடு. பொம்மையின் பொறிமுறை, தீப்பற்றும் தன்மை, வேதியியல் ஆகிய இடர்களை எழுத்தில் ஆராய வேண்டும். இ.என்.71 எனப்படும் ஐரோப்பிய நியமத் தொகுதியின் முதற்பாகம் பொறிமுறையையும், இரண்டாம் பாகம் தீப்பற்றுதலையும், மூன்றாம் பாகம் ஈயம், கட்மியம் போன்ற தனிமங்கள் பொருளிலிருந்து வெளியேறும் அளவையும் பற்றியவை. குறிப்பிட்ட சில தலேற்று நெகிழியாக்கிகள் விளையாட்டுப்பொருளின் பிளாஸ்ரிக்கில் 0.1 வீதத்தை மீறலாகாது. வண்ணம், களி, துணி ஆகியவற்றை வாங்கும்போதே அவை இந்நியமத்துக்கு அமைவானவை என்னும் ஆவணத்தை விற்பனையாளரிடம் கேட்டுப் பெறுதல் செலவைக் குறைக்கும்.

இரண்டாவது, தொழினுட்பக் கோப்பு. வரைபடங்கள், பொருள்களின் பட்டியல், மதிப்பீடு, சோதனை முடிவுகள் ஆகியவற்றைக் கொண்ட இக்கோப்பைப் பத்து ஆண்டுகள் பேணவேண்டும். மூன்றாவது, பொருள் சட்டத்துக்கு அமைவானது எனச் செய்தவரே கையொப்பமிடும் இணக்க அறிக்கை. நான்காவது, குறைந்தது 5 மில்லிமீற்றர் உயரமுள்ள சி.ஈ. முத்திரை. ஐந்தாவது, செய்தவரின் பெயர், அஞ்சல் முகவரி, பொருளை இனங்காணும் எண் ஆகியன. ஆறாவது, தேவையான எச்சரிக்கைகள். இவை நோர்வீஜிய மொழியில் இருத்தல் வேண்டும். தமிழ்க் கடையில் தமிழ்ப் பெற்றோருக்கு விற்றாலும் அவ்வாறே.

நியமங்களை முழுமையாகப் பின்பற்றினால், செய்தவரே பொருளை மதிப்பிட்டுச் சி.ஈ. முத்திரை இடலாம். பொருந்தும் நியமம் இல்லாதபோதோ அதனைப் பின்பற்றாதபோதோ அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் பரிசோதனை தேவைப்படும். எச்சரிக்கை என்பது தப்பிக்கும் வழியன்று. கட்டியணைப்பதற்கான மென்துணிப் பொம்மை இயல்பாகவே கைக்குழந்தைக்குரியதாகக் கருதப்படும். 'மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ஏற்றதன்று' என அதில் எழுதினால் அவ்வெச்சரிக்கை செல்லாது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விளையாட்டுப்பொருள்களை வரவழைத்து இங்கு விற்பவர் இறக்குமதியாளர் ஆகின்றார். உற்பத்தியாளர் தம் கடமைகளைச் செய்துள்ளாரா என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு அவருடையது. விற்பனை என்பது பணம் பெறுவதை மட்டும் குறிக்காது. வணிக நடவடிக்கையின் பகுதியாக இலவசமாகக் கொடுப்பதும் அதில் அடங்கும். மருமகளின் பிறந்தநாளுக்குத் தனிப்பட்ட முறையில் கொடுக்கும் பரிசு இதில் அடங்காது. ஆயினும் அக்குழந்தையின் தொண்டை வேறு குழந்தையின் தொண்டையைவிட அகலமானதன்று. பாதுகாப்பின் அளவுகள் அங்கும் பொருந்தும்.

இரண்டாம் வழி: சேகரிப்போருக்கு விற்றல்

பெரும்பாலான கலைப்பொம்மைகளுக்கு ஏற்ற வழி இது. சி.ஈ. முத்திரை இங்குத் தேவையில்லை, இடவும் கூடாது. 14 வயதுக் குறிப்பு தெளிவாக இருத்தல் வேண்டும்.

ஆனால் குறிப்பு மட்டும் போதாது. பொருளின் தோற்றம், விலை, விற்கப்படும் இடம், விளம்பரப் படம் ஆகியவையும் அதே கதையைச் சொல்லவேண்டும். எண்ணிட்டுக் கையொப்பமிட்ட இருபது உருவங்களைக் கலைச்சந்தையில் தாங்கியில் நிறுத்தி விற்பது ஒன்று; அதே உருவத்தைப் பாடசாலைச் சந்தையில் பிள்ளைகளின் கையெட்டும் உயரத்தில் கூடையில் குவித்து விற்பது வேறொன்று. விளம்பரப் படத்தில் ஒரு குழந்தை அதைப் பிடித்திருந்தால் பெட்டியின்மீதுள்ள குறிப்பு பொருளிழந்துவிடும். மேலும், சேகரிப்புப் பொருளும் பாதுகாப்பானதாக இருக்கவேண்டும் என்ற பொதுக் கடமை நீங்குவதில்லை.

படைப்பாளியின் உரிமையும் பிறரின் உரிமையும்

வனையப்பட்ட உருவம் சுயமான படைப்பாக இருப்பின், நோர்வேயின் 2018ஆம் ஆண்டுப் படைப்புரிமைச் சட்டம் அதனை வனைந்த கணமே பாதுகாக்கின்றது. பதிவு தேவையில்லை. படைப்பாளியின் வாழ்நாளும் அவர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகளும் அப்பாதுகாப்பு நீடிக்கும். விரும்பினால் பற்றெந்த்ஸ்தீரெ எனப்படும் தொழிற்சொத்துரிமை அலுவலகத்தில் வடிவமைப்பையும் பதியலாம். அது ஐந்தாண்டுக் காலப்பகுதிகளாக 25 ஆண்டுகள்வரை நீடிக்கக்கூடியது. தேதியிட்ட வரைதாள்களும் வேலையின் படிநிலைப் படங்களும் தகராறு எழும்போது சான்றுகளாகும்.

இவ்வுரிமை எளிதில் கிடைத்ததன்று. மேலே கண்ட கெத்தெ க்ரூசெ, தம் பொம்மைகளைப் போலச் செய்து விற்ற பிங் என்னும் பெருநிறுவனத்துக்கு எதிராக வழக்காடி 1925இல் வென்றார். விளையாட்டுப்பொருளும் கலைப்படைப்பாகப் பாதுகாப்புப் பெறலாம் என்பதை நிலைநாட்டிய தீர்ப்பு அது. மாறாக, 1959இல் டென்மார்க்கின் இயூல் கிராமத்தைச் சேர்ந்த தொமஸ் டாம் வடிவமைத்த, முடி சிலிர்த்த ட்ரோல் பொம்மை, படைப்புரிமைக் குறிப்பின்றி அமெரிக்காவில் விற்கப்பட்டதால் 1960களில் அங்குப் பாதுகாப்பை இழந்தது. யாரும் அதனைச் செய்து விற்கலாம் என்ற நிலை பல்லாண்டுகள் நீடித்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவ்வுரிமை மீண்டது.

தம் உரிமையை விரும்புபவர் பிறரின் உரிமையையும் மதிக்கவேண்டும். ஃப்லோக்லீப்பாவின் சூலான், லுட்விக் ஆகிய பாத்திரங்களைப் படைத்த ஷெல் ஔக்ருஸ்ட் 2002இல் மறைந்தார். அவற்றின் பாதுகாப்பு 2072இன் இறுதிவரை உண்டு. அனுமதியின்றி அவற்றை வனைந்து விற்கலாகாது. இன்று பிள்ளைகள் விரும்பும் லபுபுவும் அவ்வாறே. அதனைப் படைத்த காசிங் லுங் ஹொங்கொங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்தவர். வடதேசத்துத் தொன்மக் கதைகளிலிருந்து ஊக்கம் பெற்று 2015இல் தம் அரக்கர் கூட்டத்தை உருவாக்கினார். அவர் யாருடைய உருவத்தையும் நகலெடுக்கவில்லை. கதைகளிலிருந்து புதிய உருவத்தைக் கண்டார். அவ்வாயில் நமக்கும் திறந்தே உள்ளது. ஓவியர் தியோடர் கித்தெல்சென் 1914இல் மறைந்தவர். அவருடைய ட்ரோல்கள் இன்று பொதுச்சொத்து. யாழியும் கொல்லிப்பாவையும் கிராமத்துக் காவல் தெய்வத்தின் குதிரையும் எவருடைய தனியுடைமையும் அல்ல.

விற்பனையும் பொறுப்பும்

அவ்வப்போது செய்வது பொழுதுபோக்கு. தொடர்ச்சியாக, சொந்தப் பொறுப்பில், இலாபம் தரக்கூடிய அளவில் செய்வது தொழில். தொழில் எனின் தனிநபர் நிறுவனத்தை அல்தின் இணையவாயில் வழியாகப் புரொன்னொய்சுண்ட் பதிவகத்தில் பதியவேண்டும். 12 மாதங்களில் வரிக்குரிய விற்பனை 50,000 குரோணரைத் தாண்டினால் பெறுமதிசேர் வரிப் பதிவும் தேவை. கலைஞர் தம் சொந்தக் கலைப்படைப்பை விற்பதற்குத் தனி விதி உண்டு. தம் உருவம் அதில் அடங்குமா என்பதை வரி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டறிக. நாவ் அலுவலகத்தின் வேலையற்றோர் கொடுப்பனவையோ பணித்திறன் மதிப்பீட்டுக் கொடுப்பனவையோ பெறுபவர், தம் நிறுவனத்துக்காக வேலைசெய்த மணித்தியாலங்களை 14 நாட்களுக்கொருமுறை அனுப்பும் அறிக்கை அட்டையில் குறிப்பிடவேண்டும். பொம்மை விற்காத வாரத்திலும் உழைத்த மணித்தியாலம் மணித்தியாலமே.

1988ஆம் ஆண்டின் பொருட்பொறுப்புச் சட்டம், பாதுகாப்புக் குறைபாடுள்ள பொருளால் ஏற்படும் தீங்குக்குத் தவறு நிரூபிக்கப்படாவிடினும் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகின்றது. தனிநபர் நிறுவனத்தில் உரிமையாளரின் சொந்த உடைமைகளும் அப்பொறுப்புக்கு உட்பட்டவை. ஆகவே முதற்பொம்மையை விற்குமுன் காப்புறுதி நிறுவனத்துடன் பேசுதல் நன்று. வாடகை வீட்டில் வாழ்பவர் வீட்டுரிமையாளரிடமும், கூட்டுடைமைக் குடியிருப்பில் வாழ்பவர் அதன் நிர்வாகசபையிடமும் பட்டறை பற்றி முன்கூட்டியே கேட்டறிக. இணையவழியில் விற்பவர், வாங்குவோருக்கு 14 நாள் மீளளிப்பு உரிமை உண்டு என்பதை அறிவிக்கவேண்டும். வாங்குபவரின் தனி விருப்பத்துக்கேற்பச் செய்த பொருளுக்கு அது பொருந்தாது.

உதவி பெறும் இடங்கள்

2020இல் பியோர்விக்காவில் திறக்கப்பட்ட டைக்மன் தலைமை நூலகத்தில் தையல் இயந்திரங்கள், முப்பரிமாண அச்சுப்பொறிகள் முதலியவற்றைக் கொண்ட பட்டறைப் பகுதி உண்டு. இயந்திரம் வாங்குமுன் அங்குப் பயன்படுத்திப் பார்க்கலாம். விளையாட்டுப்பொருளின் வேதியியல் பற்றிய வினாக்களுக்கு மில்யோடிரெக்தொராத்தெ எனப்படும் சுற்றாடல் பணியகமும், பொறிமுறை, தீப்பற்றுதல் பற்றிய வினாக்களுக்கு டி.எஸ்.பி. எனப்படும் சமூகப் பாதுகாப்புப் பணியகமும் வழிகாட்டுகின்றன. இப்பாடம் பொதுவழிகாட்டல், தனிப்பட்ட விடயத்தில் உரிய அலுவலகத்தின் விடையே இறுதியானது.

தம்மைத்தாமே சோதிக்க

வனையத் தொடங்குமுன் பின்வரும் வினாக்களுக்கு எழுத்தில் விடை காண்க.

1. இவ்வுருவம் யாருடைய கைக்காக? அவ்விடையை வரைதாளில் எழுதியுள்ளேனா?
2. இதில் கழலக்கூடிய மிகச் சிறிய பாகம் எது? அது 31.7 மில்லிமீற்றர் உருளைக்குள் அடங்குமா?
3. ஒவ்வொரு பொருளுக்கும் வண்ணத்துக்கும் பாதுகாப்பு ஆவணம் என்னிடம் உள்ளதா?
4. பொருளின் தோற்றமும் முத்திரையும் விலையும் விளம்பரமும் ஒரே நோக்கத்தைச் சொல்கின்றனவா?
5. இவ்வுருவம் என் சொந்தக் கற்பனையா? அன்றெனில், மூலப் படைப்பாளி மறைந்து 70 ஆண்டுகள் கடந்துள்ளனவா?
6. என் அறையின் காற்றும் என் கைகளும் இப்பொருளிலிருந்து காக்கப்பட்டுள்ளனவா?

ஆறு வினாக்களுக்கும் விடை கிடைத்தபின் களியைப் பிசையத் தொடங்கலாம். ஏதேனும் ஒன்றுக்கு விடை கிடைக்கவில்லையாயின், மாற்றவேண்டியது இன்னும் ஒரு தாளில் உள்ள கோடு மட்டுமே.